பாதி வரிசையில் எழுந்துபோக விடும் ஊசி: ஒன்பது வருட அனுபவம்

முனை மாற்றும் வட்ட ஊசி செட் என் கைக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் மரம் வழவழப்பாக இருக்கிறது, பை அழகாக இருக்கிறது என்று நாலு வரியில் முடித்திருப்பேன். அந்தப் பை இப்போது இல்லை. ஜிப் மூன்றாம் வருடமே பல்லிளித்துவிட்டது. முனைகளெல்லாம் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கின்றன. கேபிள்கள் தட்டையான டப்பா ஒன்றில் பாம்புக் குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கின்றன.

பின்னல் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்ட ஊசி என்றால் வளைந்த ஊசி இல்லை. இரண்டு குட்டை ஊசிகள், நடுவில் அவற்றை இணைக்கும் மெல்லிய நைலான் கேபிள், அவ்வளவுதான். செட்டில் முனைகள் தனி, கேபிள்கள் தனி. வேண்டிய முனையை வேண்டிய கேபிளில் திருகி மாட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையதில் 3.5 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. வரை எட்டு ஜோடி மர முனைகள், 60, 80, 100 செ.மீ. கேபிள்கள், கேபிள் நுனியை அடைக்கச் சின்ன மூடிகள், திருகை இறுக்க ஒரு குட்டிக் கம்பிச் சாவி. கம்பெனி பெயர் வேண்டாம். குறைகளும் சொல்லப்போகிறேன், அதில் பாதி என் கையின் குறை.

நான் ஏன் நேர் ஊசியை விட்டேன் என்றால், வசதிக்காக இல்லை, எரிச்சலில். அப்போது மகளுக்கு ஆறு வயது. ஒரு வரிசையை முழுதாக முடித்த நாள் அபூர்வம். "அம்மா, இங்க வாயேன்" என்று ஒரு குரல் வரும், அடுப்பில் எதுவோ பொங்கும், காலிங்பெல் அடிக்கும். அப்படியே சோபாவில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் ஒரு ஊசி தரையில் கிடக்கும், எட்டு பத்து கண்ணிகள் (ஊசியில் மாட்டி நிற்கும் நூல் வளையங்கள்) வாயைத் திறந்துகொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, ஸ்வெட்டரின் பின்பக்கம் பாதி வளர்ந்துவிட்டால் மொத்தக் கனமும் ஊசியில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். வட்ட ஊசியில் அந்தக் கனம் கேபிளோடு மடியில் இறங்கிவிடுகிறது. வட்டமாகப் பின்னத்தான் இது என்று நினைத்திருந்தேன். தட்டையாக, போய் வந்து பின்னவும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. நேர் ஊசிகளை அதற்கப்புறம் நான் தொடவே இல்லை.

எங்கள் வீட்டில் பின்னல் எனக்கு முன்னால் அத்தையுடையது. செட்டைப் பார்த்ததும் கேபிளைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, ஸ்கிப்பிங் கயிறா இது?" என்றார். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. யாருக்கு எத்தனை கண்ணி, எந்த நம்பர் ஊசி, எந்த வருடம் பின்னியது எல்லாம் பென்சிலில் இருக்கும். அதிலிருந்து கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன். 8 நம்பர் ஊசி, உடம்புக்கு 200 கண்ணி என்று எழுதியிருந்தது. என் செட்டோடு வந்த அட்டையில் 8 என்பதற்கு நேராக 5 மி.மீ. என்று போட்டிருந்தது. சரி என்று ஆரம்பித்தேன். அக்குள் வரை பின்னியபின் அவர் மேல் வைத்துப் பார்த்தால் இன்னொருவரும் உள்ளே வரலாம் போலிருந்தது.

அட்டையில் இருந்தது அமெரிக்க எண். அத்தையுடையது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அவருடைய 8 என்பது 4 மி.மீ. அந்த நூலில் 4 மி.மீ. ஊசிக்கு 10 செ.மீ.யில் 22 கண்ணி வந்தால் 200 கண்ணி சுமார் 91 செ.மீ. சுற்றளவு. 5 மி.மீ.யில் எனக்கு 18 தான் வந்தது, அதாவது 111 செ.மீ. ஒரு மி.மீ. வித்தியாசத்துக்கு இருபது செ.மீ. தண்டனை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் ஒரே எண் 7. இரண்டிலும் அது 4.5 மி.மீ. "நோட்டுல சரியாத்தானே எழுதியிருக்கேன்" என்றார் அத்தை. உண்மைதான். அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதே இல்லை, மில்லிமீட்டர் மட்டும்தான். அதையும் கூட முனையில் நம்ப முடியாது: உலோக வளையத்தில் அச்சடித்த அளவு நாலாவது வருடத்தில் தேய்ந்துவிட்டது. இப்போது நகப்பாலிஷ் புள்ளிகள்தான். ஒரு புள்ளி 3.5, இரண்டு புள்ளி 4, இப்படி.

கேபிளிலும் ஒரு குழப்பம் உண்டு. 60 செ.மீ. என்று எழுதிய கேபிளை அளந்து பார்த்தால் 35 செ.மீ. சொச்சம்தான் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அந்த 60 என்பது முனை இரண்டையும் மாட்டிய பிறகான மொத்த நீளம். குட்டை முனை மாட்டினால் இன்னும் குறையும்.

இந்தச் செட்டை எனக்குப் பிடிக்க வைத்தது முனைகள் இல்லை, அந்த மூடிகள். முனையைக் கழற்றிவிட்டு கேபிளின் இரு நுனியிலும் மூடியைத் திருகிவிட்டால் கண்ணிகள் எங்கேயும் போகாது. பை அடியில் திணிக்கலாம், குழந்தை தூக்கி எறியலாம், பூனை மேலே படுக்கலாம். கழுத்திலிருந்து கீழே இறங்கும் ஸ்வெட்டராக இருந்தால் போட்டே பார்க்கலாம். மகளுக்கு முதல் ஸ்வெட்டர் அப்படித்தான் பின்னினேன். அக்குள் தாண்டி நாலு விரற்கடை இறங்கியதும் இரண்டு கேபிள்களைச் சேர்த்து நீளமாக்கி, மூடி போட்டு, தலை வழியாக மாட்டிவிட்டேன். நெஞ்சைச் சுற்றிக் கேபிள் வளையமாக நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் கால் மணி நேரம் வரவில்லை. நூல் உருண்டை மட்டும் என் காலடியில் துள்ளித் துள்ளிக் கரைந்துகொண்டிருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்கு அடியில், நாற்காலியைச் சுற்றி, படுக்கையறைக் கதவைத் தாண்டி, கடைசியில் மாமாவின் மடியில் இருந்தாள், கதை கேட்டுக்கொண்டு. உட்கார்ந்து எண்ணினேன், ஒரு கண்ணி நழுவவில்லை.

அப்புறம் இதுவே ஒரு நோயாகிவிட்டது. மூடி போட்டு நிறுத்தலாம் என்று தெரிந்த பிறகு எதையும் முடிக்கவேண்டிய அவசரம் போய்விட்டது. முனைகளை எடுத்து அடுத்த வேலைக்கு மாட்டிக்கொள்வேன், பழையது கேபிளில் தூங்கும். ஒரு கட்டத்தில் ஐந்து கேபிள்கள் அப்படித் தூங்கின. எதை எந்த முனையில் பின்னினேன் என்பது இரண்டுக்கு மறந்தே போனது. தயவுசெய்து மூடி போடும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் அளவை எழுதிக் கேபிளில் கட்டிவிடுங்கள். உறவில் ஒரு குழந்தைக்காக ஆரம்பித்த மஞ்சள் சட்டை இன்னும் 60 செ.மீ. கேபிளில் இருக்கிறது. குழந்தை இப்போது பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறான்.

இனி அந்த ரயில் ராத்திரி. லேஸ் சால்வை, கருநீல நூல், ஊசியில் 280 கண்ணி. எல்லோரும் தூங்கியாயிற்று, படுக்கை விளக்கின் வெளிச்சத்தில் கீழ் பெர்த்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். இடது முனை திருகு தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மரத்துக்கும் கேபிளுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி விழுந்து, அதில் ஒரு கண்ணி மாட்டிக்கொண்டது. விடுவிக்க இழுத்தேன். முனை கையோடு வந்துவிட்டது. கேபிள் பின்னால் வழுக்க, முப்பது கண்ணிகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. சாதாரணப் பின்னலில் நழுவிய கண்ணி ஏணிப்படி மாதிரி நேராக இறங்கும், ஏற்றிவிடலாம். லேஸில் நடுநடுவே நூலைச் சுற்றிய ஓட்டைகளும் இரண்டை ஒன்றாக்கிய இடங்களும் இருப்பதால் எது எதற்குச் சொந்தம் என்றே தெரியாது. எதிர் பெர்த்தில் இருந்த பெரியவர் எழுந்து, ஒன்றும் கேட்காமல் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 3.5 மி.மீ. முனையை எடுத்துத்தான் கண்ணிகளைக் கோத்தேன் (பிடிப்பதற்கு எப்போதும் ஒரு அளவு மெலிந்த ஊசி நல்லது). பதினொரு வரிசை பிரித்தேன். விடிந்துவிட்டது. அவர் இறங்கும்போது, "இனிமே இறங்காது இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதில் செட்டின் தப்பு பாதி, என் தப்பு பாதி. கையால் திருகினால் இறுகியது போல இருக்கும், இறுகியிருக்காது. திருகுக்குக் கீழே கேபிளின் உலோகப் பகுதியில் ஒரு துளை இருக்கிறது. கம்பிச் சாவியை அதில் நுழைத்து, முனையை மரத்தில் பிடிக்காமல் உலோக வளையத்தில் பிடித்து, கடைசியாக ஒரு கால் சுற்று கொடுக்க வேண்டும். மரத்தில் பிடித்து முறுக்கினால் நாளடைவில் பசை விட்டுவிடும். சாவி தொலைந்தால் பேப்பர் கிளிப் போதும். என் சாவி தொலைந்து ஏழு வருடம் ஆகிறது. எனக்கு எப்போதும் இடது முனைதான் தளர்கிறது, ஆகவே பத்து வரிசைக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

அதே துளைக்கு இன்னொரு உபயோகம் உண்டு. மெல்லிய பருத்தி நூலை அதில் கோத்துவிட்டு ஒரு வரிசை பின்னினால், அந்த நூல் கேபிளோடு சேர்ந்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் தானே ஓடிவிடும். பிறகு மேலே எது நடந்தாலும் அந்த வரிசைக்குக் கீழே ஒன்றும் பிரியாது. தையல் ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்த வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: அடையாள வளையங்கள் போட்டிருந்தால் அவையும் நூலில் சிக்கிக்கொள்ளும். திறந்து மூடும் வளையங்களாக இருந்தால் பிரச்சினை இல்லை. ரயில் ராத்திரிக்குப் பிறகு லேஸில் ஒவ்வொரு டிசைன் முடிவிலும் இப்படி ஒரு காவல் நூல் போட்டுவிடுகிறேன்.

விமானத்துக்கும் இந்த மூடி வித்தைதான். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பின்னல் ஊசிகளைக் கைப்பையில் எடுத்துப்போக அனுமதிக்கிறது, கடைசி முடிவு சோதனை செய்யும் அதிகாரியுடையது. மற்ற இடங்களில் விதி மாறும், போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சோதனைக்கு முன்பே முனைகளைக் கழற்றிப் பென்சில் பையில் போட்டுவிடுவேன், பின்னல் மூடி போட்ட கேபிளில் இருக்கும். முனையை எடுத்து வைத்துக்கொண்டாலும் பின்னல் பிழைத்துவிடும். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்த அம்மா முனைகளைத் தொடவே இல்லை. பாதித் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வட்டத்தைச் சேர்க்கும்போது முதல் கண்ணியில் விழும் பள்ளத்தை எப்படி மறைக்கிறாய் என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டு, சேர்க்கும்போது அதை முதல் கண்ணியோடு ஒன்றாகப் பின்னிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பிறகு பார்த்தால் பலரும் செய்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தட்டையாகப் பின்னும்போது, திருப்பிப் பின்பக்கமாகப் பின்னும் என் பர்ல் வரிசைகள், முன்பக்கமாகப் பின்னும் நிட் வரிசைகளைவிடத் தளர்வாக விழும். வெளிச்சத்தில் பிடித்தால் வரிசை வரிசையாகக் கோடு தெரியும். கையை மாற்று, நூலை இறுக்கு என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒரு கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது கை ஊசிதான், இடது கை ஊசி பழைய கண்ணிகளைத் தாங்குவது மட்டுமே. அப்படியென்றால் இரண்டு முனையும் ஒரே அளவில் ஏன் இருக்க வேண்டும்? ஒரு பக்கம் 4, மறு பக்கம் 3.5 மாட்டினேன். நிட் வரிசை 4இல் விழுகிறது, திருப்பியதும் பர்ல் வரிசை 3.5இல் விழுகிறது. கோடு மறைந்துவிட்டது. இதில் ஒரு ஆபத்து, பாதி வரிசையில் எழுந்துபோய்த் திரும்பி வந்து தவறான திசையில் ஆரம்பிப்பது. உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த முனையில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. இதைக் கதவில் எழுதி ஒட்டாத குறை.

அளவுக் கணக்கில் எனக்கு உதவியவர் எலிசபெத் ஜிம்மர்மேன் (1910–1999). வட்ட ஊசியை விடாப்பிடியாகப் பரப்பியவர். உடம்புக்கான கண்ணிகளை 100 சதவீதமாக வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதன் பங்காகச் சொல்லுவார். மணிக்கட்டுக்கு 20 சதவீதம். அத்தை நோட்டின் 200 கண்ணிக்கு 40. அத்தை நோட்டைத் திறந்து பார்த்தேன், அதே ஸ்வெட்டருக்குக் கைமுனை 40 என்றே இருந்தது. அத்தை ஜிம்மர்மேனைக் கேள்விப்பட்டதே இல்லை.

குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கேபிள் சுருண்டுகொண்டு தொல்லை கொடுக்கும். ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு நேராக இழுத்துப் பிடித்தால் அடங்கிவிடும். ஐந்தாம் வருடம் ஒரு கேபிள் பசை விட்டுப் பிரிந்தது. 3.5 மர முனை ஒன்று சோபாவில் கணவருக்கு அடியில் உயிரைவிட்டது. மர நுனி சொரசொரப்பானால் நகம் தேய்க்கும் மிக மெல்லிய அட்டையால் நீவி, மெழுகுத்தாளால் துடைத்தால் மீண்டும் வழுக்கும். உடைந்ததற்குப் பதில் உலோக முனை வாங்கினேன், அங்கேதான் இன்னொரு பாடம்: மரத்தில் பாதி ஸ்வெட்டரைப் பின்னிவிட்டு அதே அளவு உலோக முனைக்கு மாறினால் என் கை தளர்ந்துவிடுகிறது. கணவரின் சாம்பல் ஸ்வெட்டரில் வயிற்றுக்கு நேராக ஒரு கோடு ஓடும். பெல்ட் போட வேண்டிய இடம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

சாக்ஸ் பின்னுபவர்களுக்கு இந்தச் செட் பிரயோசனம் இல்லை. சாக்ஸுக்கு 2.25, 2.5 மி.மீ. வேண்டும், அது தனிச் செட்டில்தான் வருகிறது. அவ்வளவு மெலிந்த ஊசியில் திருகே வேண்டாம் என்பது என் கட்சி. முனை பிரியாத 80 செ.மீ. ஊசி ஒன்று வாங்கி, நடுவில் கேபிளை வளையமாக இழுத்துவிட்டுப் பின்னுகிறேன்.

மற்றவர்கள் வாங்கலாமா? செட்டாக வேண்டாம் என்பேன். எட்டு ஜோடியில் நான் தேய்த்தது 3.5, 4, 5 மூன்றும்தான். 8 மி.மீ. முனை இரண்டு தடவை வெளியே வந்தது, அதில் ஒன்று ஜன்னல் திரைக்கு முட்டுக்கொடுக்க. பின்னும் நூலுக்கு ஏற்ற இரண்டு ஜோடியும் இரண்டு கேபிளும் உதிரியாக வாங்கி, ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மூடிகள் மட்டும் எக்ஸ்ட்ரா வாங்குங்கள். உருண்டு ஓடுவதில் அவற்றுக்கு ஈடு கிடையாது.

கடைசியாக வாங்கியதும் மூடிகள்தான். ஸ்வெட்டரோடு மாமா மடியில் போய் உட்கார்ந்தவளுக்கு இப்போது பதினைந்து வயது. என் 4 மி.மீ. முனைகள் இரண்டு மாதமாக அவள் அறையில் இருக்கின்றன. சாப்பிடக் கூப்பிட்டால், "அம்மா, இந்த வரிசை மட்டும்" என்கிறாள். மூடி போட்டுவிட்டு வரலாமே என்றேன். பாதி வரிசையில் எப்படி எழுந்து வருவது என்று என்னையே கேட்கிறாள்.